கம்பெனி மெயிலைத் தண்டர்பேர்டில் அமைப்பதும், மக்கர் செய்தால் சரிசெய்வதும்

திருப்பூர் பனியன் கம்பெனியாகட்டும், கரூர் திரைச்சீலை ஏற்றுமதியாகட்டும், கோவை கணபதியில் பம்ப் பட்டறையாகட்டும், மெயில் பார்க்கும் கம்ப்யூட்டர் காலையிலிருந்து இரவு வரை ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. நியூயார்க்கில் காலை 9 என்றால் இங்கே மாலை 6.30 அல்லது 7.30. பையர் பேசத் தொடங்கும் அந்த நேரத்தில் மெயில் நின்றால் சாம்பிள் அப்ரூவல் ஒரு நாள் தள்ளிப் போய்விடும். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் புதிதாக உட்காரும் மெர்ச்சண்டைசருக்கும் கணக்காளருக்கும்தான் இந்தக் கட்டுரை.

பிரவுசரிலேயே மெயில் பார்க்கலாமே என்றால், ஒரே ஒரு முகவரி இருக்கும்வரை பார்க்கலாம். கம்பெனி முகவரி, ஏற்றுமதிப் பிரிவு முகவரி, அக்கவுண்ட்ஸ் முகவரி என்று மூன்று சேர்ந்ததும் தனி மெயில் புரோகிராம் வேண்டியிருக்கிறது. நெட் போனாலும் பழைய மெயிலைத் தேடி எடுக்கலாம் என்பது இன்னொரு வசதி. இங்கே மொசில்லாவின் தண்டர்பேர்டை வைத்துச் சொல்கிறோம். முதல் பதிப்பு 2004இல் வந்தது, காசு கிடையாது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பட்டறையில் இன்னும் விண்டோஸ் 7 மெஷின் இருந்தால் அதில் தண்டர்பேர்டின் 115ஆம் வரிசைதான் கடைசி. அதற்கு மேல் உள்ளவை விண்டோஸ் 10 கேட்கும். மெனுப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், இடம் பெரிதாக மாறாது.

மெயில் எங்கே இருக்கிறது

அமைப்பதற்கு முன்னால் இதை ஒன்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிச் சிக்கல், மெயில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் கை வைப்பதால் வருவதுதான்.

ஐமேப் முறையில் மெயில் சர்வரில், அதாவது மெயில் சேவை தருபவரின் கம்ப்யூட்டரில் இருக்கும். கம்ப்யூட்டரிலும் முதலாளியின் போனிலும் தெரிவது அதன் நகல். ஓரிடத்தில் படித்தால் மற்ற இடத்திலும் படித்ததாகக் காட்டும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும். பாப் முறையில் கம்ப்யூட்டர் மெயிலைச் சர்வரிலிருந்து இறக்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். "சர்வரில் விட்டுவை" என்ற டிக் இல்லாவிட்டால் சர்வரில் எதுவும் மிஞ்சாது. "ஆபீஸில் மெயில் வருது, என் போனில் ஒண்ணுமே இல்லை" என்று முதலாளி கேட்டால், ஆபீஸ் கம்ப்யூட்டர் பாப் முறையில் மெயிலை இழுத்துக்கொண்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அந்த டிக் இருந்தாலும் பக்கத்தில் "14 நாள் வரை" என்று போட்டிருக்கலாம். பதினைந்தாம் நாள் சர்வரில் அந்த மெயில் இருக்காது.

ஒருவருக்கு மேல், அல்லது ஒரு கருவிக்கு மேல் பார்க்கும் முகவரி எதுவானாலும் ஐமேப்தான் வையுங்கள். ஹோஸ்டிங்கில், அதாவது வாடகைக்கு எடுத்த சர்வரில், இடம் மிகக் குறைவு, ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள் என்றால் மட்டும் பாப் பற்றி யோசிக்கலாம்.

கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

சொந்த டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின் கம்பெனி பெயரே வருவது) மெயில் என்றால் ஹோஸ்டிங் கொடுத்தவரிடம் ஐந்து விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள்: உள்வரும் சர்வர் பெயர், வெளியே போகும் சர்வர் பெயர், இரண்டுக்கும் போர்ட் எண், பாதுகாப்பு வகை, ஒரு முகவரிக்கு எத்தனை ஜிபி இடம். "ஏனுங்க, இன்கமிங், அவுட்கோயிங் செட்டிங்ஸ் ரெண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க" என்றால் போதும், அவர்களுக்குப் புரியும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கம் உங்கள் கையிலேயே இருந்தால், ஈமெயில் அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் அந்த முகவரிக்கு நேரே "கனெக்ட் டிவைசஸ்" என்பதை அழுத்தினால் எல்லாம் வரும்.

பெரும்பாலும் வருவது இதுதான்: ஐமேப் 993, பாப் 995, அனுப்பும் எஸ்எம்டிபி 465, மூன்றுக்கும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். எஸ்எம்டிபிக்கு 587 என்று கொடுத்தால் பாதுகாப்பு வகை ஸ்டார்ட்டிஎல்எஸ். எண் ஒன்றும் வகை இன்னொன்றும் கலந்துவிட்டால் தண்டர்பேர்டு சுற்றிக்கொண்டே நின்று, கடைசியில் "டைம்டு அவுட்" என்று சொல்லும். யாராவது போர்ட் 25 போடச் சொன்னால் வேண்டாம். ஸ்பேம் அனுப்புவதைத் தடுக்க நெட் கம்பெனிகள் அதைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருக்கும்.

அமைக்கும் முறை

மேலே வலப்புறம் மூன்று கோடு போட்ட மெனுவில் "நியூ அக்கவுண்ட்", அதில் "ஈமெயில்". பெயர் கேட்கும் கட்டத்தில் உங்கள் பெயரோடு கம்பெனி பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பையரின் இன்பாக்ஸில் தெரிவது அதுதான். முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்து "கன்டினியூ" அழுத்தினால் அதுவே சர்வரைத் தேடும். ஜிமெயில், அவுட்லுக் போன்றவற்றுக்கு அது கண்டுபிடிப்பது சரியாகவே இருக்கும். சொந்த டொமைனுக்குத் தானாகக் கண்டுபிடித்ததை நம்பி விட்டுவிடாதீர்கள். "கான்ஃபிகர் மேனுவலி" திறந்து, ஹோஸ்டிங்காரர் கொடுத்ததோடு ஒவ்வொரு கட்டமாக ஒப்பிடுங்கள்.

இந்தத் திரையில் அதிகம் தப்பாவது யூசர்நேம். தண்டர்பேர்டு சில நேரம் @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் போட்டு வைத்திருக்கும். பெரும்பாலான ஹோஸ்டிங்கில் முழு முகவரியும் வேண்டும். உள்வரும் பக்கத்தில் திருத்திவிட்டு வெளியே போகும் பக்கத்தை மறந்துவிடுவது வழக்கம். அப்படியானால் மெயில் வரும், ஆனால் போகாது. நீங்கள்தானா என்று சர்வர் சரிபார்க்கும் முறையான ஆத்தென்டிகேஷன் இரண்டிலும் "நார்மல் பாஸ்வேர்டு". பிறகு "ரீ-டெஸ்ட்", பச்சை வந்தபின் "டன்". உடனே உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, அங்கிருந்து பதில் போட்டு, போவதும் வருவதும் இரண்டையும் சோதித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழ வேண்டும்.

ஜிமெயில் முகவரிக்கு முறை வேறு. வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளிப் புரோகிராம் நுழைவதைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. ஆத்தென்டிகேஷனில் "ஓஆத்2", அதாவது கூகுளின் சொந்த லாகின் பக்கம் வழியாக அனுமதி வாங்கும் முறை, இருக்க வேண்டும். ஒரு சின்ன ஜன்னல் திறந்து கூகுள் லாகின் கேட்கும். அந்த ஜன்னல் வெள்ளையாகவே நின்றாலோ, திரும்பத் திரும்பக் கேட்டாலோ, தண்டர்பேர்டு செட்டிங்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" போய் குக்கீஸ் அனுமதி டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஓஆத்2 தெரியாத பழைய புரோகிராம் என்றால், கூகுள் கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்து அதைக் கொடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் தனிநபர் அவுட்லுக் கணக்குகளுக்கும் 2024 செப்டம்பர் முதல் இதே நிலைதான், ஓஆத்2 இல்லாமல் உள்ளே விடாது.

முதல் நாளே மாற்ற வேண்டியவை

ஜிமெயிலை ஐமேப்பில் இணைத்தால் "ஆல் மெயில்" என்ற ஃபோல்டரும் சேர்ந்து இறங்கும். இன்பாக்ஸில் இருக்கும் அதே மெயில் அதிலும் இருப்பதால் டிஸ்க்கில் இரண்டு மடங்கு இடம் போகும். அக்கவுண்ட் செட்டிங்ஸில் "சின்க்ரொனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்", அதில் "அட்வான்ஸ்டு" போய் ஆல் மெயிலின் டிக்கை எடுத்துவிடுங்கள். நெட் மெதுவான இடமானால், எல்லா மெயிலையும் இறக்காமல் கடைசி சில மாதங்களை மட்டும் இறக்கும்படி அங்கேயே வைக்கலாம்.

ஆபீஸில் ஒரே முகவரியை நான்கு பேர் பார்ப்பது நம் பக்கம் சகஜம். ஒவ்வொரு தண்டர்பேர்டும் சர்வரோடு ஒரே நேரத்தில் 5 இணைப்பு வரை திறக்கும். நான்கு கம்ப்யூட்டர், 20 இணைப்பு, எல்லாம் ஒரே பிராட்பேண்டிலிருந்து. பல ஹோஸ்டிங் சர்வர்கள் ஒரு முகவரிக்கு ஒரு ஐபியிலிருந்து (உங்கள் நெட் இணைப்பின் எண்) 10 இணைப்புக்கு மேல் விடாது. காலையில் மூன்று பேருக்கு மெயில் வந்து நாலாவது ஆளுக்கு மட்டும் வராமல் போவதற்கு இதுதான் காரணம். சர்வர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, "மேக்சிமம் நம்பர் ஆஃப் சர்வர் கனெக்ஷன்ஸ்" என்ற இடத்தில் 5ஐ 2 ஆக்குங்கள், எல்லாக் கம்ப்யூட்டரிலும்.

அனுப்பிய மெயில் போனிலிருந்து போனால் "சென்ட்" ஃபோல்டரிலும், கம்ப்யூட்டரிலிருந்து போனால் "சென்ட் மெசேஜஸ்" ஃபோல்டரிலும் போய் விழுவது உண்டு. "காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்" பகுதியில் ஒரே ஃபோல்டரைக் காட்டிக்கொடுத்தால் சரியாகும். ஜிமெயிலில் அனுப்பியது இரண்டிரண்டாகத் தெரிந்தால் அதே பகுதியில் நகல் வைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், கூகுளே ஒரு நகல் வைத்துக்கொள்கிறது.

தமிழில் வரும் மெயில் சின்ன எழுத்தாகத் தெரிந்தால் செட்டிங்ஸில் ஃபான்ட்ஸ், அட்வான்ஸ்டு, மேலே மொழியைத் தமிழ் என்று தேர்ந்து, நிர்மலா யூஐ எழுத்துருவைப் போட்டு அளவைக் கூட்டுங்கள். வந்த தமிழ் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ இருந்தால் வியூ மெனுவில் "ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்" ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று அடித்தது போலத் தெரிந்தால் அது என்கோடிங் கோளாறு அல்ல. அனுப்பியவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். யூனிகோடில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

நின்றுபோனால் எங்கே தொடங்குவது

அக்கவுண்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பதுதான் பலர் முதலில் செய்வது. தயவுசெய்து செய்யாதீர்கள். பாப் கணக்காக இருந்தால், நீக்கும்போது வரும் "மெசேஜ் டேட்டாவையும் அழி" என்ற டிக்கில் பல வருட மெயிலும் போய்விடும்.

மூன்று கேள்வி கேட்டால் இடம் தெரிந்துவிடும். பிரவுசரில் வேறு ஏதாவது இணையதளம் திறக்கிறதா? அதே முகவரி, அதே பாஸ்வேர்டு போட்டால் பிரவுசரில் மெயில் பார்க்கும் வெப்மெயில் திறக்கிறதா? நிற்பது வரும் மெயிலா, போகும் மெயிலா? வெப்மெயில் திறக்கவில்லை என்றால் தண்டர்பேர்டைத் தொடவே வேண்டாம். கோளாறு பாஸ்வேர்டிலோ சர்வரிலோ இருக்கும், அல்லது ஆபீஸ் ஐபியைச் சர்வர் தடுத்திருக்கும். வெப்மெயில் திறக்கிறது, இங்கே மட்டும் வரவில்லை என்றால் கோளாறு இந்தக் கம்ப்யூட்டரிலோ ஆபீஸ் நெட்டிலோ இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் உடனே போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கம்ப்யூட்டரை அதில் இணைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் வந்தால், உங்கள் ஆபீஸ் ஐபியைச் சர்வர் தடுத்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். யாரோ ஒருவர் பாஸ்வேர்டு மாற்றியிருப்பார், மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரோ பழைய போனோ பழைய பாஸ்வேர்டையே நிமிடத்துக்கொரு முறை தட்டிக்கொண்டிருக்கும். சர்வர் தாக்குதல் என்று நினைத்து ஆபீஸையே பூட்டிவிடும். அந்தப் பழைய கருவியைத் தேடித் திருத்தாமல் ஐபியை மட்டும் திறக்கச் சொன்னால் மறுநாள் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

சர்டிஃபிகேட் (சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்று) எச்சரிக்கை வந்தால் "எக்ஸெப்ஷன்" போட்டு உள்ளே போய்விடத் தோன்றும். பொறுத்து, கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்தபின் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். சர்டிஃபிகேட் செல்லாது என்று அது சொல்வது அதனால்தான். வட்டப் பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் முடிந்தது. தேதி சரியாக இருந்தும் வந்தால், மெயிலை நடுவில் நின்று சோதிக்கும் ஆன்டிவைரஸ் தன் சர்டிஃபிகேட்டைக் காட்டுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஹோஸ்டிங்கில் சர்டிஃபிகேட் காலாவதியாகியிருக்கும், அல்லது அதில் உங்கள் டொமைன் பெயருக்குப் பதில் ஹோஸ்டிங் சர்வரின் பெயர் இருக்கும். பின்னதற்கு, சர்வர் பெயர்க் கட்டத்தில் அவர்கள் தரும் பெயரைப் போட்டால் போதும்.

அனுப்பும்போது "ரிலேயிங் டினைடு" என்று வந்தால், எஸ்எம்டிபி பகுதியில் ஆத்தென்டிகேஷன் "நோ ஆத்தென்டிகேஷன்" என்று கிடக்கும். அதை நார்மல் பாஸ்வேர்டு ஆக்கி, யூசர்நேமில் முழு முகவரி கொடுங்கள். "கோட்டா எக்ஸீடடு" என்று பையர் பக்கம் திரும்பிப் போனால் உங்கள் சர்வர் இடம் நிறைந்துவிட்டது. இதற்கு "லோக்கல் ஃபோல்டர்ஸ்" கீழே கணக்காண்டு வாரியாக ஃபோல்டர் போட்டு, முடிந்த ஆர்டர்களின் மெயிலை அங்கே நகர்த்துங்கள். ஒரேயடியாக ஐயாயிரம் மெயிலை இழுக்காமல், சில நூறாக இழுத்து, எண்ணிக்கை சரிபார்த்து, அடுத்ததுக்குப் போங்கள். நகர்த்திய மெயில் அதன்பின் இந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

பெரிய இணைப்புகள் தனித் தலைவலி. ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. ஆனால் இணைப்பு மெயிலில் எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் போகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும். ஆகவே 18 எம்பிக்குள் வைப்பது பாதுகாப்பு, எல்லையை ஒட்டிய பெரிய டெக் பேக் (ஆடை விவரக் கோப்பு) திரும்பி வரக்கூடும். அதோடு, ஐமேப்பில் அனுப்பும் ஒவ்வொரு மெயிலும் இரண்டு முறை மேலே ஏறுகிறது: அனுப்ப ஒரு முறை, சென்ட் ஃபோல்டரில் நகல் வைக்க இன்னொரு முறை. அந்த இரண்டாவது ஏற்றம் பாதியில் நின்று "சென்ட் ஃபோல்டரில் நகல் வைக்க முடியவில்லை" என்று சொன்னால், மெயில் பையருக்கு ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். மறுபடி சென்ட் அழுத்தினால் அவருக்கு இரண்டு விலைப்பட்டியல் போகும். நகலை லோக்கல் ஃபோல்டரில் வைக்கச் சொல்லிவிட்டு நகருங்கள். துணி போட்டோக்கள் நிறைய இருந்தால் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புவதே நல்லது.

ஒரு தலைப்பை அழுத்தினால் வேறு மெயில் திறப்பது, வெற்று வரிகள் தெரிவது, தேடினால் கிடைக்காதது: இவையெல்லாம் ஃபோல்டரின் அட்டவணைக் கோப்பு கெட்டதன் அறிகுறி. ஃபோல்டர் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், "ரிப்பேர் ஃபோல்டர்". தண்டர்பேர்டு ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரே நீளக் கோப்பாக வைத்து, பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் அட்டவணை ஒன்றை வைக்கிறது. அட்டவணை போனால் திரும்ப உண்டாகும். பின்னொட்டு இல்லாத பெரிய கோப்புதான் மெயில். அதில் கை வைக்கக் கூடாது. அழித்த மெயிலின் இடத்தை மீட்கும் "காம்பேக்ட்" ஓடும்போது கரண்ட் போனால் அந்தப் பெரிய கோப்பே கெடலாம், யூபிஎஸ் இல்லாத இடத்தில் பகல் மின்வெட்டு நேரத்தில் அதை ஓட்டாதீர்கள். ஆன்டிவைரஸ் ஒரு வைரஸ் மெயிலுக்காக இன்பாக்ஸ் கோப்பு முழுவதையும் தூக்கி குவாரன்டைனில் போட்டுவிடுவதும் நடக்கும். மெயிலும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை (இடம் கீழே பேக்கப் பகுதியில்) ஸ்கேனிலிருந்து விலக்கி வையுங்கள்.

வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வரும் மெயில்

சின்னக் கம்பெனியை ஒரே நாளில் முடக்கக்கூடியது என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. சப்ளையர் பெயரிலோ பையர் பெயரிலோ "எங்கள் கணக்கு மாறிவிட்டது, இந்த இன்வாய்ஸ் தொகையைப் புதிய கணக்கில் போடுங்கள்" என்று, பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே மெயில் வரும். முகவரியில் எம் எழுத்துக்குப் பதில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டிருப்பார்கள். தண்டர்பேர்டு முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களுக்குப் பெயரை மட்டும் காட்டும் வழக்கம் உடையது. செட்டிங்ஸில் அந்த "டிஸ்ப்ளே நேம்" டிக்கை எடுத்துவிட்டால் முழு முகவரி தெரியும். கணக்கு மாற்றம் எதுவானாலும், மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்லாமல், முன்பே உங்களிடம் உள்ள எண்ணுக்கு போன் போட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். வெப்மெயிலில் ஃபார்வேர்டர், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். உள்ளே நுழைந்தவன் வரும் மெயிலைத் தனக்கும் ஒரு நகல் போகும்படி வைத்திருப்பான், பாஸ்வேர்டு மாற்றினாலும் அது நிற்காது. பலர் உட்காரும் கம்ப்யூட்டரில் "பிரைமரி பாஸ்வேர்டு" போடாவிட்டால், சேமித்த பாஸ்வேர்டுகளை யார் வேண்டுமானாலும் செட்டிங்ஸில் திறந்து படிக்கலாம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

பேக்கப்

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை, ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அவற்றில் பல மெயிலில்தான் கிடக்கின்றன. ஹெல்ப் மெனுவில் "டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்", அதில் "புரொஃபைல் ஃபோல்டர்" பக்கத்தில் "ஓபன் ஃபோல்டர்". இடம் தெரிந்தபின் தண்டர்பேர்டை முழுவதும் மூடுங்கள். ரோமிங் என்ற ஃபோல்டருக்குள் "தண்டர்பேர்டு" என்று இருப்பதை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள், பெயரில் தேதி போட்டு. தண்டர்பேர்டின் சொந்த எக்ஸ்போர்ட் வசதி 2 ஜிபிக்கு மேல் போனால் ஜிப் கோப்பு செய்யாது. இந்த முறைக்கு அந்த எல்லை இல்லை. பென் டிரைவில் எடுக்கும்போது பாதியில் நின்றால், அது ஃபேட்32 வடிவில் இருக்கிறதா பாருங்கள். அதில் 4 ஜிபிக்குப் பெரிய கோப்பு ஏறாது. புதுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டை நிறுவி, திறப்பதற்கு முன்பே அதே இடத்தில் இந்த ஃபோல்டரை வைத்தால் முகவரி, பாஸ்வேர்டு, பழைய மெயில் எல்லாம் இருந்தபடியே வந்துவிடும். பழையதை விடப் பழைய பதிப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள், புரொஃபைலைத் திறக்காது.

ஹோஸ்டிங்காரரைக் கூப்பிட வேண்டி வந்தால் "மெயில் வரலீங்க" என்று மட்டும் சொன்னால் அவரும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றுதான் சொல்வார். திரையில் வந்த வாசகத்தின் போட்டோ, வந்த நேரம், நிற்பது வரவா போக்கா, வெப்மெயில் திறக்கிறதா, ஹாட்ஸ்பாட்டில் என்ன ஆயிற்று, உங்கள் ஆபீஸின் வெளி ஐபி எண் ஆகியவற்றை ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள்.